முடி கொட்டுதா? பேக்கேஜில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படிங்க

பெஸ்தாரி ஜெயாவில் ஒரு முடிதிருத்தும் கடை, ஞாயிற்றுக்கிழமை காலை. கடைக்கார அண்ணன் வெட்டி முடித்துவிட்டு, தலைக்குப் பின்னால் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். "தம்பி, உச்சியில லேசா தெரிய ஆரம்பிச்சிடுச்சு. பார்த்துக்கங்க." எனக்கு அப்போது வயது 27.

அடுத்த மாதமே நகரத்தில் ஒரு 'ஹேர் சென்டருக்கு'ப் போனேன். குட்டி கேமராவைத் தலையில் வைத்து, திரையில் பெரிதாகக் காட்டினார்கள். அடைபட்ட துளை, எண்ணெய்ப் பிசுக்கு, வேர் பலவீனம் என்று வரிசையாகச் சொன்னார்கள். "இன்னிக்கே சைன் பண்ணினா பாதி விலை" என்றதும் கையெழுத்துப் போட்டேன். 12 செஷன், மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி, கிரெடிட் கார்டில் மாதத் தவணை. எட்டு மாதம் கழித்து அதே கடைக்கார அண்ணன் அதே கண்ணாடியைக் காட்டியபோது உச்சி இன்னும் கொஞ்சம் அகலமாகியிருந்தது.

பிறகுதான் அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போனேன். கட்டணம் 1 ரிங்கிட். டாக்டர் பத்து நிமிடம் பார்த்தார், குடும்பத்தைப் பற்றிக் கேட்டார், "இது இந்த வகை" என்று பெயர் சொன்னார். அந்த எட்டு மாதத்தில் யாருமே என்னிடம் கேட்காத கேள்வி அது: இது என்ன வகை முடி உதிர்வு?

கோலசிலாங்கூர், ஈஜோக், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் பக்கம் இருக்கும் நம்ம இளைஞர்கள் பலர் இதே பாதையில்தான் போகிறார்கள். அதனால் இந்த விளக்கம். முதலில் வகை, அதற்கப்புறம் சிகிச்சை.

ஒரு நாளைக்கு எத்தனை முடி கொட்டலாம்?

நம் தலையில் சுமாராக 1 லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 வருடம் வரை வளரும், மாதத்துக்குச் சுமார் 1 செண்டிமீட்டர். பிறகு சில வாரங்களில் வளர்ச்சி நிற்கும். அடுத்து சுமார் 3 மாதம் ஓய்வு. ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழும், அதே துளையிலிருந்து புது முடி முளைக்கும்.

ஆரோக்கியமான தலையில் பத்தில் ஒன்பது பங்கு முடி வளரும் கட்டத்தில் இருக்கும், மிச்சம் ஓய்வில் இருக்கும். ஆகவே ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது சாதாரணம். இரண்டு நாள் தலை குளிக்காமல் மூன்றாம் நாள் குளித்தால் மொத்தமாகக் கையில் வரும். பயப்பட வேண்டியதில்லை.

விழுந்த இடத்தில் புதுசு முளைக்காமல் போவதும், முளைப்பது முன்பைவிட மெலிசாக வருவதும்தான் பிரச்சினை. திடீரென்று ஒரே நேரத்தில் ஏராளமான முடி ஓய்வுக்குப் போய்விடுவதும் ஒரு பிரச்சினை. ஆனால் அது வேறு வகை.

உங்களுக்கு எந்த வகை?

ஆண்களுக்கு வரும் வழக்கமான வழுக்கை: நெற்றியின் இரண்டு மூலையும் பின்வாங்கும், உச்சி தெரியும். பக்கவாட்டிலும் பின்மண்டையிலும் முடி அப்படியே இருக்கும். காரணம் டிஎச்டி என்ற ஹார்மோன். உடலில் உள்ள டெஸ்டோஸ்டிரோன்தான் ஒரு என்சைம் வழியாக டிஎச்டியாக மாறுகிறது. பரம்பரையாகவே இதற்கு இளகிக்கொடுக்கும் வேர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, தடித்த முடிக்குப் பதில் பஞ்சு மாதிரி முடியைக் கொடுக்கும். டிஎச்டி அதிகமாக ஊறுவதால் வருவதில்லை. சாதாரண அளவே அந்த வேர்களுக்குப் போதும்.

பெண்களுக்கு வருவது: முன்நெற்றிக் கோடு பெரும்பாலும் மாறாது. வகிடு அகலமாகும். பள்ளிக்கூடப் படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். மாதவிடாய் ஒழுங்கில்லை, முகத்தில் முடி வளர்கிறது என்றால் டாக்டரிடம் அதையும் சேர்த்துச் சொல்லணும். இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் முடியைக் கொட்ட வைக்கும். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவது: நாட்டில் டெங்கி அதிகமாகப் பதிவாகும் மாநிலம் நம்ம சிலாங்கூர். டெங்கி, கோவிட், பிரசவம், பெரிய அறுவைச் சிகிச்சை, பட்டினி டயட் எது நடந்தாலும் உடல் ஏராளமான முடியை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். ஓய்வு 2, 3 மாதம் என்பதால், காய்ச்சல் குணமாகி, அதை மறந்தே போன பிறகுதான் முடி கொட்டத் தொடங்கும். என் அக்கா மகளுக்கு அப்படித்தான். "மாமா, தலை வாரினா சீப்பு நிறைய வருது" என்று அழுதாள். மூன்று மாதத்துக்கு முன்னால் டெங்கியில் படுத்திருந்தாள். இந்த வகை பொதுவாக 6 மாதத்துக்குள் அடங்கி, முடி தானாகவே திரும்பி வரும். பேக்கேஜ் விற்பவர்களுக்கு மிகவும் பிடித்த கஸ்டமர் இவர்தான். என்ன தடவினாலும் முடி வரும், பெயர் தைலத்துக்குப் போகும்.

பூச்சிவெட்டு: வெள்ளிக்காசு அளவில், வழவழப்பாக, திடீரென்று ஒரு திட்டு. பூச்சி எதுவும் வெட்டவில்லை. நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பலருக்குத் தானாகவே முளைக்கும். சிலருக்குத் திட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். தலை முழுக்கப் பரவிய கடுமையான நிலைக்கு பாரிசிட்டினிப் என்ற மாத்திரையை அமெரிக்கா 2022இல் அங்கீகரித்தது.

தலைப் படர்தாமரை: குழந்தைகளுக்கு அதிகம் வரும். திட்டில் செதில், அரிப்பு, ஒடிந்த முடி. இது காளான் தொற்று, ஒரே சீப்பு, துண்டு, பூனைக்குட்டி வழியாகப் பரவும். மேலே தடவும் கிரீம் மட்டும் போதாது, வாய்வழி மருந்து வேணும்.

இழுத்துக் கட்டுவதால் வருவது: வருடக்கணக்கில் இறுக்கமாகப் பின்னிய சடை, உயரத் தூக்கிக் கட்டிய கொண்டை, ஒட்டுமுடி. காதோரமும் நெற்றியோரமும் முடி குறையும். ஆரம்பத்திலேயே கட்டைத் தளர்த்தினால் திரும்பும். ரொம்ப நாள் விட்டால் திரும்பாது.

தழும்பாகும் வகை: இது அரிது, ஆனால் அவசரம். முடி கொட்டும் இடத்தில் வலி, எரிச்சல், சிவப்பு, சீழ், பிறகு துளையே தெரியாத பளபளப்பு. அழிந்த வேர் திரும்பி வராது. இந்த அறிகுறி இருந்தால் எண்ணெய், ஷாம்பு என்று ஒரு மாதம்கூடச் செலவழிக்க வேண்டாம். நேராக டாக்டர்.

தண்ணீரா, ஹெல்மெட்டா, தாத்தாவா?

"தோட்டத்துத் தண்ணி மாறினதால கொட்டுது." தண்ணீர் முடியை வறட்சியாக்கலாம், ஒடிக்கலாம். வேரைச் சுருக்கி வழுக்கையாக்குவது தண்ணீர் இல்லை. ஒடிந்த முடி குட்டையாக இருக்கும். வேரோடு விழுந்த முடியின் நுனியில் சின்ன வெள்ளை முடிச்சு இருக்கும். கையில் எடுத்துப் பாருங்க, வித்தியாசம் தெரியும்.

"மோட்டார் ஓட்டுறோம், ஹெல்மெட் போட்டே போச்சு." இல்லை. பரம்பரை வழுக்கைக்கு ஹெல்மெட் காரணம் இல்லை. முடிக்காக ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீங்க.

"மொட்டை போட்டா அடர்த்தியா வளரும்." தைப்பூசத்துக்கு பத்துமலையில் மொட்டை போட்டவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். மழித்த முடியின் நுனி தட்டையாக வெட்டப்பட்டிருப்பதால் தொடும்போது சொரசொரவென்று தடிப்பாகத் தெரிகிறது. மழிப்பதால் முடி வேகமாகவோ தடிப்பாகவோ வளர்வதில்லை என்று மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1928லேயே அளந்து எழுதினார். வேண்டுதலுக்கு மொட்டை போடலாம், வழுக்கைக்கு வைத்தியமாகப் போட வேண்டாம்.

"அம்மா வழித் தாத்தாவைப் பாரு." பாதி உண்மை. முக்கியமான ஒரு மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அது ஆணுக்கு அம்மாவிடமிருந்துதான் வரும். ஆனால் பிரிட்டனில் சுமார் 52,000 ஆண்களைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வு, வழுக்கையோடு தொடர்புடைய 280க்கும் மேற்பட்ட மரபணு இடங்களைக் கண்டது. அப்பா பக்கமும் கணக்கில் உண்டு.

"தோட்டத்துல மருந்து தெளிக்கிறேன், அதனாலயா?" களைக்கொல்லி, பூச்சிமருந்து வேலையில் இருப்பவர்கள் இதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும். முடியோடு சேர்த்து நகம் மாறுவது, தோல் புண், கை கால் மரத்துப்போவது, வயிற்று வலி இருந்தால் ஷாம்பு மாற்றிப் பார்ப்பது தீர்வு இல்லை. எந்த மருந்து, எத்தனை வருடம், கையுறை உண்டா என்பதையும் சொல்லுங்க. அந்தக் காலத்தில் தோட்டத்து டிரெசருக்குச் சொல்லாமலே தெரிந்திருக்கும். இன்றைய கிளினிக் டாக்டருக்கு நாம்தான் சொல்லணும்.

உண்மையில் வேலை செய்யும் மருந்துகள்

பரம்பரை வழுக்கைக்கு நீண்டகால ஆதாரம் உள்ள மருந்துகள் முக்கியமாக இரண்டுதான். இரண்டுமே வேறு காரணத்துக்காக உருவானவை.

மினாக்சிடில் முதலில் ரத்த அழுத்த மாத்திரை. சாப்பிட்ட நோயாளிகளுக்குக் கண்ட இடத்தில் முடி வளர்ந்தது. அதைத் தலையில் தடவும் திரவமாக்கி, 1988இல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு அங்கீகாரம் கிடைத்தது. ஆண்கள் பொதுவாக 5 சதவீதத் திரவத்தை ஒரு தடவைக்கு 1 மில்லி, நாளுக்கு இரண்டு தடவை தடவுவார்கள். பெண்களுக்கு அளவு வேறு, பார்மசிஸ்டிடம் கேளுங்க.

தடவ ஆரம்பித்த முதல் சில வாரங்களில் முடி அதிகமாகக் கொட்டலாம். பழைய முடி இடத்தைக் காலி செய்வதுதான் அது. பலர் இங்கேதான் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய 4 முதல் 6 மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்ததெல்லாம் போய்விடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் தவிர்க்கணும். வீட்டில் பூனை இருந்தால் இன்னும் கவனம்: கொஞ்சம் நக்கினாலும் பூனையின் உயிருக்கே ஆபத்து. தலையணை உறையும் இதில் அடக்கம்.

ஃபினாஸ்டெரைடின் கதை இன்னும் சுவாரசியம். டொமினிக்கன் குடியரசில் ஒரு கிராமத்தில், டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டியாக மாற்றும் என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களைப் பற்றி 1974இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களுக்குப் பிற்காலத்தில் புரோஸ்டேட் சிறியதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த என்சைமைத் தடுக்கும் மாத்திரை 1992இல் புரோஸ்டேட் வீக்கத்துக்கும், 1 மில்லிகிராம் அளவில் 1997இல் ஆண்களின் வழுக்கைக்கும் அங்கீகாரம் பெற்றது. ரத்தத்தில் உள்ள டிஎச்டியைப் பாதிக்கும் மேல் குறைக்கும்.

இதற்கு மலேசியாவில் டாக்டர் சீட்டு வேணும். காரணம் உண்டு. ஆரம்பகால ஆய்வுகளில் பாலுறவு சார்ந்த பக்கவிளைவு 100 பேரில் சுமார் 4 பேருக்கு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் சுமார் 2 பேருக்கு வந்தது. அதாவது குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. தற்கொலை எண்ணமும் ஒரு பக்கவிளைவு என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிசெய்தது. மனம் சோர்ந்தால், நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் சொல்லணும். ஏற்கெனவே மன அழுத்தம் இருந்தால் தொடங்கும் முன்பே சொல்லணும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த தானம் செய்யும்போதும், புரோஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனையின்போதும் இதைச் சாப்பிடுவதைச் சொல்லணும். நண்பன் சாப்பிடுறான், அவனிடம் ஒரு அட்டை வாங்கிக்கலாம் என்று நினைக்காதீங்க.

முடி மாற்று அறுவைச் சிகிச்சை

பின்மண்டை முடிக்கு டிஎச்டி பெரிதாகப் பாதிப்புத் தராது. அதை எடுத்து முன்னால் நட்டாலும் அந்தக் குணம் மாறாது. நியூயார்க்கில் நோர்மன் ஓரென்ட்ரைக் என்ற டாக்டர் 1950களில் காட்டிய இந்த உண்மைதான் இன்றைய சிகிச்சைக்கு அடித்தளம்.

மூன்று விஷயம் யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. ஒன்று, இது புது முடியை உண்டாக்குவதில்லை, இருக்கும் முடியை இடம் மாற்றுகிறது. பின்னால் உள்ள இருப்பு ஒரு நாள் தீரும். இரண்டு, நட்ட முடி சில வாரங்களில் விழும், 3, 4 மாதத்தில் மறுபடி முளைக்கும், முழு பலன் தெரிய ஒரு வருடம். மூன்று, நடாத பழைய முடி தொடர்ந்து கொட்டும். 22 வயதில் முன்நெற்றியை நட்டுவிட்டு மருந்தை விட்டுவிட்டால், 35இல் முன்னால் ஒரு தீவும் பின்னால் வெறும் திடலும் மிஞ்சும். அதனால்தான் பொறுப்பான டாக்டர்கள் சின்ன வயதில் அவசரப்படாதே என்பார்கள்.

எண்ணெய், வெங்காயம், பயோட்டின், பிஆர்பி

தேங்காய் எண்ணெய் முடியின் புரதம் வீணாவதைக் குறைக்கிறது என்று 2003இல் ஓர் இந்திய ஆய்வு சொன்னது. அதைச் செய்தவர்கள் எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் ஞாபகம் வைத்துக்கலாம். பாட்டி தேய்த்துவிட்டது வீண் இல்லை. அது முடியைக் காக்கும், சுருங்கிய வேரை எழுப்பாது.

வெங்காயச் சாறு பற்றி 2002இல் பாக்தாத்தில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. அது பூச்சிவெட்டுக்கு. டிக்டாக்கில் அதையே வழுக்கைக்கு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பயோட்டின் மாத்திரை, உடலில் பயோட்டின் குறைவு உள்ளவர்களுக்குத்தான். அப்படிக் குறைவது அரிது. சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் தைராய்டு, இதயப் பரிசோதனை முடிவுகள் தவறாக வரலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது.

பிஆர்பி என்பது நம் ரத்தத்தைச் சுழற்றி, அதில் ஒரு பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. சிலருக்குப் பலன் தெரிகிறது. ஆனால் எத்தனை தடவை, எவ்வளவு என்பதில் ஒரே முறை இன்னும் இல்லை. செலவும் ஒவ்வொரு தடவையும் உண்டு.

வட சிலாங்கூரில் எங்கே போவது?

முதல் படி, பக்கத்து கிளினிக் கெசிஹாத்தான். குடியுரிமை உள்ளவர்களுக்கு 1 ரிங்கிட். பல கிளினிக்குகளுக்கு மைசெஜாத்ரா செயலியில் முன்பதிவு செய்யலாம். மூன்று விஷயம் கொண்டுபோங்க: ஒரு வருடத்துக்கு முந்தைய படம், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், கடந்த 6 மாதத்தில் வந்த காய்ச்சல், பிரசவம், டயட் விவரம்.

தேவைப்பட்டால் டாக்டர் தோல் நிபுணருக்குக் கடிதம் தருவார். கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா, செலாயாங், கோலாலம்பூர் மருத்துவமனைகளில் தோல் பிரிவு உண்டு. ஈஜோக்கிலிருந்து லாதார் நெடுஞ்சாலை வழியாகச் செலாயாங் பக்கம் போகலாம். அரசாங்கக் கடிதத்தோடு போனால் நிபுணர் கட்டணம் குறைவுதான். தவணைக்காகக் காத்திருக்க வேண்டிவரலாம். பரம்பரை வழுக்கைக்கான மருந்தை வெளியே வாங்கச் சொல்லவும் கூடும். ஆனால் என்ன வகை என்று தெரிந்த பிறகு வாங்குகிறீர்கள்.

காசு கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய எண்கள்

மருந்து என்றால் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கி 8 இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கணும். 'டி' என்றால் பாரம்பரிய மருந்து, 'ஏ' என்றால் கட்டுப்பாட்டு மருந்து. ஷாம்பு, டானிக் போன்ற அழகுப்பொருளுக்கு என்ஓடி எண். இந்த எண்களை என்பிஆர்ஏவின் குவெஸ்ட் 3 பிளஸ் இணையத்தளத்தில் தேடலாம். அழகுப்பொருள் எண் வைத்துக்கொண்டு "வழுக்கையைக் குணப்படுத்தும்" என்று ஒரு புட்டி சொன்னால், அதுவே சந்தேகத்துக்குக் காரணம். மருந்து விளம்பரத்துக்கு கேகேஎல்ஐயூ அனுமதி எண் வேணும்.

ஊசி, அறுவைச் சிகிச்சை என்றால் டாக்டரின் பெயரை மலேசிய மருத்துவ மன்றத்தின் பதிவில் தேடுங்க. அழகுச் சிகிச்சை செய்ய எல்சிபி என்ற தனி அனுமதி உண்டா என்று கேளுங்க. கிளினிக்கின் பதிவுச் சான்றிதழ் சுவரில் இருக்கணும். கேட்டதற்குக் கோபப்படும் இடத்தில் தலையைக் கொடுக்காதீங்க.

சரி, ஏற்கெனவே பேக்கேஜில் கையெழுத்துப் போட்டாச்சு என்றால்? 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து பல தடவை தரப்படும் சேவைக்கான ஒப்பந்தத்தை நீங்கள் இடையில் ரத்து செய்யலாம். மொத்த விலையில் 5 சதவீதமும், ஏற்கெனவே பெற்ற பொருள், சேவைக்கான காசும் மட்டுமே அவர்கள் பிடித்துக்கொள்ள முடியும். எழுத்தில் ரத்து செய்யுங்க, நகல் வையுங்க. காசு திரும்பாவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது: மனுக் கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வக்கீல் தேவையில்லை. 3 வருடத்துக்குள் போகணும். டாக்டர்களின் மருத்துவச் சேவை இந்தச் சட்டத்தில் வராது. எனக்கு இது அப்போது தெரியாது. மிச்சமிருந்த நாலு செஷனையும் காசையும் விட்டுவிட்டு வந்தேன்.

ஒன்றும் செய்யாமல் இருக்கலாமா?

தாராளமா. பரம்பரை வழுக்கை நோய் இல்லை. மருந்து எடுப்பதும், கட்டையாக வெட்டிக்கொள்வதும், அப்படியே விடுவதும் சமமான மூன்று வழிகள். மருந்து என்று முடிவெடுத்தால், இருக்கும் முடியைக் காப்பது போனதை மீட்பதைவிட எளிது என்பதை மட்டும் நினைவில் வையுங்க. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துப் பாருங்க. தினமும் கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியாது, கவலை மட்டும் கூடும்.

நான் டாக்டர் சொன்ன மருந்தைத்தான் எடுக்கிறேன். உச்சி மூடவில்லை, ஆனால் அகலமாவது நின்றிருக்கிறது. போன மாதம் அதே கடைக்கார அண்ணன் கண்ணாடியைக் காட்டிவிட்டு, "அப்படியேதான் இருக்கு, தம்பி" என்றார்.